மாடித்தோட்டக் குழுவில் "முருகா", "அல்ஹம்துலில்லாஹ்", "ஸ்தோத்திரம்": தடை போடலாமா?

கொடிப்பந்தல் (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். மாடித்தோட்டம் போடுபவர்களுக்கான ஒரு ஃபேஸ்புக் குழுவில் நான் அட்மின், அதற்கு ஒரு வாட்ஸ்அப் கிளையும் உண்டு. நாட்டு விதை பரிமாறிக்கொள்வது, மாவுப்பூச்சிக்கு என்ன அடிப்பது, எந்தப் பட்டத்தில் எதை விதைப்பது, இதுதான் பேச்சு. எல்லா மதத்துக்காரர்களும் இருக்கிறார்கள், மதமே வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள்.

போன வாரம் ஓர் அக்கா தன் பந்தலில் காய்த்த முதல் புடலங்காயைப் படம் எடுத்துப் போட்டார். வளையாமல் நேராக வர நுனியில் நூலில் சின்னக் கல் கட்டித் தொங்கவிட்டிருந்தார், நல்ல நீளம். படத்துக்கு மேலே "அல்ஹம்துலில்லாஹ்" (எல்லாப் புகழும் இறைவனுக்கே) என்று ஒரே ஒரு வார்த்தை. கீழே ஒருவர் வந்து "இது தோட்டக் குழு, மதப் பிரச்சாரத்தை வேறு எங்காவது வைத்துக்கொள்ளுங்கள்" என்று எழுத, அதற்கு லைக் குவிந்துவிட்டது. அன்று காலையில்தான் "முருகன் அருளால் கறிவேப்பிலை துளிர்த்துவிட்டது" என்று வேல் படத்தோடு ஒரு பதிவு வந்திருந்தது. அதை யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை, ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தபோது மனசுக்குச் சரியாகப் படவில்லை.

அட்மின்களுக்குள் இப்போது இரண்டு கட்சி. சாமி வார்த்தை, சாமி டிபி, பண்டிகை வாழ்த்து என எல்லாவற்றையும் மொத்தமாகத் தடை செய்துவிடலாம், அப்போதுதான் எல்லோருக்கும் ஒரே நியாயம் என்கிறார்கள் ஒரு பக்கம். எதையும் தொடாதே, தொட்டால் சண்டை பெருசாகும் என்கிறார்கள் இன்னொரு பக்கம். வாட்ஸ்அப்பில் பிரச்சினையே வேறு. காலையில் எழுந்தால் சாமி படம், பைபிள் வசனம், வெள்ளிக்கிழமை ஆனால் ஜும்ஆ வாழ்த்து, நடுவில் "இதை 11 பேருக்கு அனுப்பினால் நல்ல செய்தி வரும்". யாரோ ஒருவர் கத்தரியில் காய்ப்புழு என்று பதறிக் கேட்ட கேள்வி இதற்குள் புதைந்துபோகிறது. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

வேப்பம்புண்ணாக்கு:

மொத்தத் தடை வேண்டாம் சார். பார்க்கத்தான் அது எல்லோருக்கும் ஒரே நியாயம் மாதிரி இருக்கும், நடைமுறையில் அப்படி விழாது. பொங்கல் வாழ்த்து, ஆடிப்பெருக்கு வாழ்த்து, ஆயுத பூஜைக்கு மண்வெட்டிக்கும் பூவாளிக்கும் பொட்டு வைத்த படம், இதெல்லாம் "நம்ம பண்பாடு" என்று கேள்வி இல்லாமல் உள்ளே வந்துவிடும். பக்ரீத்தும் ஈஸ்டரும்தான் "மதம்" என்று நிறுத்தப்படும். அட்மின் யாராக இருந்தாலும் இதுதான் நடக்கும், ஏனென்றால் பெரும்பான்மை பழக்கம் யார் கண்ணுக்கும் மதமாகத் தெரிவதில்லை. உங்கள் குழுவில் தடையே போடாதபோது நடந்ததும் இதேதானே.

தன்னைப் பற்றி ஒருவர் சொல்வது ஒன்று, என்னிடமிருந்து எதையோ எதிர்பார்ப்பது இன்னொன்று. கடிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி போடுவதும், 786 எழுதுவதும், சின்னதாகச் சிலுவை போடுவதும் நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற வழக்கம். கடிதம் வாங்கியவர் அதைப் பார்த்து "என்னை மாற்றப் பார்க்கிறார்" என்று பதறியதில்லை, அடுத்த வரியில் என்ன விஷயம் என்று படிக்கப் போய்விடுவார். அந்த அக்கா எழுதிய வார்த்தையும் அந்த வகைதான், வேல் போட்ட நண்பருடையதும் அந்த வகைதான். அதுவே "11 பேருக்கு அனுப்பு" என்றால் அது என்னிடம் வேலை வாங்குகிறது, அனுப்பாவிட்டால் கெட்டது நடக்கும் என்று மறைமுகமாகப் பயமும் காட்டுகிறது. "எங்கள் கூட்டத்துக்கு வாருங்கள்" என்றால் அது அழைப்பு. "உங்கள் சாமி பொய்" என்றால் அது வம்பு. இந்த மூன்றையும் நிறுத்துங்கள், மற்றதை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, தோட்டத்திலிருந்து சாமியைப் பிரிப்பது நடக்கிற காரியமே இல்லை. முளைப்பாரி எப்படிப் போடுவது என்று ஒருவர் கேட்டால் என்ன சொல்வீர்கள்? நவதானியத்தை ஊறவைத்து, சட்டியில் எருவும் வைக்கோலும் போட்டுத் தூவி, வெளிச்சம் படாத அறையில் வைத்தால்தான் பயிர் வெளிர்மஞ்சளாக, ஒரே உயரமாக எழும்பி வரும். இது மாரியம்மன் கோயில் விஷயமா, விதை முளைப்பு விஷயமா? வில்வம் வளர்ப்பவர், ரம்ஜானுக்கு மருதாணிச் செடி தேடுபவர், குருத்தோலை ஞாயிறுக்குத் தென்னங்குருத்து எங்கே கிடைக்கும் என்று கேட்பவர், இவர்களை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டுத் தோட்டக் குழு நடத்த முடியாது.

கருப்புமண்:

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது, என் டிபி பெரியார். மொத்தத் தடை வந்தால் முதலில் தூக்கப்படுவது அந்த டிபியாகத்தான் இருக்கும், அதனால் நானும் தடைக்கு எதிர்தான். ஆனால் மேலே நண்பர் சொல்கிற மாதிரி "தன்னைப் பற்றிச் சொல்வது யாரையும் தொடாது" என்பதை நான் அப்படியே ஏற்க மாட்டேன். ஒவ்வொரு அறுவடைக்கும் ஒவ்வொரு துளிர்ப்புக்கும் அருள், ஆசீர்வாதம் என்றே வந்துகொண்டிருந்தால், அதைச் சொல்லாதவன் அந்த இடத்தில் விருந்தாளி மாதிரி ஆகிவிடுகிறான். அது பழகிப்போனவர்களுக்கு அந்த எடை தெரியாது.

சரி, அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். யாராவது "கடவுள் அருளால் காய்த்தது" என்று நன்றி சொன்னால் அதன் கீழே போய் நான் வாதம் பண்ணப் போவதில்லை, அது அவர் சந்தோஷம். எனக்கு வேண்டியது வேறு. "மந்திரம் சொல்லித் தெளித்த தண்ணீருக்கு அசுவினிப் பூச்சி ஓடிவிட்டது", "பௌர்ணமியில் விதைத்தால் ஒரு விதைகூடப் பழுதாகாது" என்று ஒருவர் எழுதினால், அது நம்பிக்கை இல்லை, தோட்டத்தைப் பற்றிய தகவல். அதைப் பார்த்து ஒரு புது ஆள் வேப்பெண்ணெய் அடிக்காமல் விட்டுவிடுவார், செடி போய்விடும். பக்கத்துத் தொட்டியில் தெளிக்காமல் ஒப்பிட்டுப் பார்த்தீர்களா என்று நான் கேட்கலாமா கூடாதா? கேட்டவுடன் "எங்கள் மனதைப் புண்படுத்துகிறீர்கள், கேஸ் போடுவோம்" என்று கிளம்புகிறார்கள்.

இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்திய தண்டனைச் சட்டத்தில் 1927-இல் கொண்டுவந்த 295ஏ பிரிவுதான், 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 299-ஆம் பிரிவாக இருக்கிறது. வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு ஒரு பிரிவினரின் மதத்தை அவமதித்தால்தான் அது குற்றம். எவ்வளவு தெளித்தீர்கள், எத்தனை நாளில் பூச்சி போனது என்று கேட்பது எந்தக் கணக்கிலும் அதில் சேராது. நம்பிக்கையைச் சொல்ல அனுமதி உண்டு என்று விதி எழுதினால், தகவலைக் கேள்வி கேட்கவும் அனுமதி உண்டு என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.

மருதாணி:

நான் முஸ்லிம் பெண். இங்கே எல்லோரும் விதியைப் பற்றியே பேசுகிறீர்கள், எனக்கு அந்தப் புடலங்காய் அக்காவைப் பற்றித்தான் கவலை. அவர் அதன் பிறகு ஏதாவது பதிவு போட்டாரா? பெரும்பாலும் போட்டிருக்க மாட்டார்.

"மதத்தை வெளியே காட்டாமல் இருந்தால் என்ன" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் பெயரே காட்டிக்கொடுத்துவிடும். ஃபேஸ்புக் 2022 டிசம்பரில் ப்ரொஃபைலில் இருந்த மத நம்பிக்கைக் கட்டத்தையே எடுத்துவிட்டது, நல்லதுதான், ஆனால் பெயரை எங்கே கொண்டுபோய் ஒளித்துவைப்பது? 2021 ஜூலையில் "சுல்லி டீல்ஸ்", 2022 புத்தாண்டன்று "புல்லி பாய்" என்று கிட்ஹப் என்கிற மென்பொருள் பகிரும் தளத்தில் இரண்டு செயலிகள் வந்தது ஞாபகம் இருக்கும். பத்திரிகையாளர்கள், செயற்பாட்டாளர்கள் என்று முஸ்லிம் பெண்களின் படங்களைச் சமூக வலைத்தளங்களில் இருந்து எடுத்து "ஏலம்" என்று போட்டார்கள். அதற்கப்புறம் என் தோழிகள் பலர் ஹிஜாபோடு இருந்த டிபியை எடுத்துவிட்டுப் பூ, பூனை, செடி என்று வைத்துக்கொண்டார்கள். என் டிபியும் மல்லிகைதான். வெட்கப்பட்டு எடுக்கவில்லை, பயந்து எடுத்தோம். அப்படி இருக்கும்போது ஒருவர் தன் பெயரோடு, தன் வார்த்தையோடு வந்து ஒரு காயைக் காட்டுகிறார் என்றால் அந்தக் குழுவை அவர் நம்பினார் என்று அர்த்தம்.

அதனால் விதி எழுதுவதற்கு முன்னால் அந்தக் கமெண்டின் கீழே, எல்லோரும் பார்க்க, "அவர் எழுதியதில் தவறு எதுவும் இல்லை, இது பிரச்சாரம் கிடையாது" என்று அட்மின் பெயரிலேயே எழுதுங்கள். கமெண்டைச் சத்தமில்லாமல் நீக்கிவிடாதீர்கள். நீக்கினால் லைக் போட்டவர்களுக்கு எதுவும் போய்ச் சேராது, அக்காவுக்கும் யாரும் தன் பக்கம் நின்றது தெரியாது.

எங்கள் ஆட்களுக்கும் நான் சொல்வதுண்டு. விதைக் குழுவில் துஆ சங்கிலி வேண்டாம், ஜும்ஆ வாழ்த்தை வாராவாரம் படமாகப் போட வேண்டாம், அதற்கு நமக்கு வேறு குழுக்கள் இருக்கின்றன என்று. சிலர் கேட்பார்கள், சிலர் கோபித்துக்கொள்வார்கள்.

அப்புறம் அந்த அக்காவிடம் ஒன்று சொல்லுங்கள், காய் கொஞ்சம் நீண்டு காம்பு திடமானதும் கல் கட்டினால் போதும், பிஞ்சிலேயே கட்டினால் பாரம் தாங்காமல் முறிந்துவிடும்.

பனங்காடு:

"ஸ்தோத்திரம்" என்று எழுதுகிற ஆள் நான். ஒரு விஷயம் விட்டுப்போய்விட்டது. நான் இருக்கிற இன்னொரு குழுவில் ஒரு தம்பி, அம்மா ஐசியூவில் இருக்கிறார், எல்லோரும் வேண்டிக்கொள்ளுங்கள் என்று எழுதினான். அன்று ராத்திரி முழுக்கப் பதில் வந்துகொண்டே இருந்தது, ஜெபிக்கிறோம், துஆ செய்கிறோம், சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கொண்டேன் என்று. கடவுள் இல்லை என்று எப்போதும் சண்டை போடுகிற ஒருவர் "எந்த மருத்துவமனை, ரத்தம் வேண்டுமா" என்று கேட்டார். இதைத் தடுக்கிற மாதிரி எந்த விதியும் வந்துவிடக் கூடாது.

ஆனால் அதே தம்பிக்கு மறுநாள் தனி மெசேஜில் "எங்கள் சபைக்கு வந்தால் அம்மா பிழைப்பார்" என்று ஒருவர் அனுப்பியிருக்கிறார். எங்கள் ஆள்தான். துக்கத்தில் இருக்கிறவனிடம் போய் அப்படிப் பேசுவதை என்னால் நியாயப்படுத்தவே முடியாது. குழுவில் கிடைத்த நம்பரை எடுத்து இன்பாக்ஸில் மத அழைப்பு அனுப்பினால் நேரடியாக வெளியேற்றம் என்று போடுங்கள், எச்சரிக்கைகூட வேண்டாம்.

வரப்புநண்டு:

பெரிய வாட்ஸ்அப் குழு நடத்துகிற அனுபவத்தில் சொல்கிறேன். முதலில் பயத்தை விடுங்கள். உறுப்பினர் ஏதோ எழுதிவிட்டால் அட்மினைத் தூக்கி உள்ளே வைப்பார்கள் என்ற பயத்தில்தான் பலர் மொத்தத் தடைக்குப் போகிறார்கள். பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2021-லும், நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரிலும், கேரள உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியிலும் இதைத் தெளிவுபடுத்தியிருக்கின்றன. வெறும் அட்மினாக இருந்ததற்காக மட்டும் இன்னொருவர் பதிவுக்கு அவரைக் குற்றவாளி ஆக்க முடியாது. மதுரை வழக்கே இரண்டு சமூகங்களுக்கு இடையில் பகையை மூட்டுவதாகச் சொல்லப்பட்ட பதிவைப் பற்றியதுதான். நீங்களும் அதற்கு உடந்தையாக இருந்தால் கதை வேறு.

வாட்ஸ்அப் தொல்லைக்கு மதத்தைப் பற்றி விதியே தேவையில்லை. பார்வர்ட் என்று அம்புக்குறியோடு வருகிற எதுவும் வேண்டாம் என்று மட்டும் போடுங்கள். சாமி படமும் போகும், குட் மார்னிங் ரோஜாவும் போகும், கட்சிக்காரர் வீடியோவும் போகும். சொந்தக் கையால் ஒரு வரி எழுதினால் இருக்கட்டும். வாட்ஸ்அப் நிறுவனமே 2018-இல் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் பார்வர்ட் பண்ண முடியாமல் செய்தது, 2020 ஏப்ரலில் பலமுறை சுற்றிவந்த செய்தியை ஒரு சாட்டுக்கு மட்டும் என்று இறுக்கியது. 2022-லிருந்து அட்மின் யாருடைய செய்தியையும் எல்லோருக்குமாக நீக்கலாம், அதனால் செயல்படுத்துவதும் சுலபம்.

பண்டிகைக்கு நாங்கள் ஃபேஸ்புக் பக்கத்தில் ஒரே ஒரு பதிவு திறப்போம், வாழ்த்துச் சொல்ல நினைப்பவர்கள் அதன் கீழே சொல்லிக்கொள்ளலாம். தீபாவளிக்கும் உண்டு, ரம்ஜானுக்கும் உண்டு, கிறிஸ்துமஸுக்கும் உண்டு. முதல் வருஷம் முணுமுணுத்தார்கள், இப்போது நாங்கள் மறந்தால் உறுப்பினர்களே ஞாபகப்படுத்துகிறார்கள்.

கொடிப்பந்தல்:

எல்லோருக்கும் நன்றி. மருதாணி மேடம் சொன்னதை உடனே செய்துவிட்டேன், அந்தக் கமெண்டின் கீழே அட்மின் பெயரில் பதில் எழுதியாயிற்று. எழுதியவர் கோபத்தில் குழுவை விட்டுப் போய்விட்டார், லைக் போட்டவர்களில் சிலர் லைக்கை எடுத்திருக்கிறார்கள். அக்கா இன்னும் எதுவும் எழுதவில்லை. கல் கட்டுகிற விஷயத்தை அவருக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

பார்வர்ட் தடை, இன்பாக்ஸ் அழைப்புக்கு வெளியேற்றம், தகவலைக் கேள்வி கேட்கும் உரிமை, இந்த மூன்றுக்கும் மற்ற அட்மின்கள் சம்மதித்துவிட்டார்கள். டிபியையும் "அருளால்" வகை வார்த்தைகளையும் தொடப் போவதில்லை. பண்டிகைப் பதிவில்தான் இழுபறி. குழுவின் பெயரிலேயே வாழ்த்துப் போடலாமா, கூடாதா? போட்டால் எந்தெந்தப் பண்டிகைக்கு என்று பட்டியல் போட ஆரம்பித்து அங்கேயே சண்டை வந்துவிட்டது.

கருப்புமண்:

குழுவின் பெயரில் வேண்டாம் தோழர். உறுப்பினர் பேசினால் அது அவர் நம்பிக்கை, குழு பேசினால் அதில் இருக்கிற எல்லோருடைய பெயரிலும் பேசுகிற மாதிரி ஆகிவிடும், பட்டியலில் விட்டுப்போனவருக்கும் வருத்தம், சேர்க்கவே வேண்டாம் என்று நினைக்கிற என்னைப் போன்றவருக்கும் வருத்தம். வரப்புநண்டு சொன்ன மாதிரி பதிவு திறங்கள், ஆனால் அந்தப் பண்டிகையைக் கொண்டாடுகிற உறுப்பினர் ஒருவர் தன் சொந்தப் பெயரில் திறக்கட்டும், அட்மின் அதை மேலே பின் செய்துவைத்தால் போதும். குழுவின் பெயரில் விதைப்புப் பட்டம், விதைப் பகிர்வு தேதி, பூச்சி எச்சரிக்கை மட்டும் வரட்டும்.