80-ஆவது நிமிடத்திலேயே எழுந்து போகிறார்களே, ஏன்?

கேள்வி: நள்ளிரவு மேட்ச்

வணக்கம் நண்பர்களே. திருச்சியில் உட்கார்ந்து இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்து பார்க்கிறவன் நான். குளிர்காலத்தில் வாரநாள் ஆட்டம் என்றால் நமக்கு நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்குத்தான் ஆரம்பம். காலையில் வேலை இருந்தாலும் கடைசி விசில் வரை பார்த்துவிட்டுத்தான் படுக்கிறோம். ஆனால் அங்கே நேரில் இருக்கிறவர்கள் 80 நிமிடம் ஆனதும் கொத்துக் கொத்தாக எழுந்து போகிறார்கள். கார்னர் கிக் எடுக்கும்போது கேமரா அந்தப் பக்கம் திரும்பும், பார்த்தால் வரிசை வரிசையாகச் சிவப்பு நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். மூன்று கோல் வாங்கிய அணியின் ரசிகர்கள் போனால் மனசு விட்டுப் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். 1-1 என்று இழுபறியில் இருக்கும்போதும் போகிறார்களே, அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. கேட்டால் டிராஃபிக் என்கிறார்கள்.

அந்த ஒரு இருக்கைக்காக உலகம் முழுக்க எத்தனை பேர் ஏங்குகிறோம். அங்கே இருக்கிறவர்கள், மேட்சுக்குப் போய் வருகிறவர்கள் சொல்லுங்கள். டிராஃபிக் உண்மையிலேயே அவ்வளவு மோசமா, இல்லை அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டதா? புரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன், கொஞ்சம் கோபமும் இருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை.

பதில்: மெர்சி கரை

லிவர்பூலில் வேலை பார்க்கிறேன், டிக்கெட் கிடைக்கும்போதெல்லாம் லிவர்பூல் அணியின் மைதானமான ஆன்ஃபீல்டுக்குப் போகிறேன். முதலில் உங்கள் கேள்விக்கு நேரான பதில்: ஆமாம், டிராஃபிக் அவ்வளவு மோசம்தான். அந்த மைதானம் வெட்டவெளியில் இல்லை, ஒட்டி ஒட்டிக் கட்டிய பழைய வீடுகளுக்கு நடுவில், குறுகலான தெருக்களுக்கு மத்தியில் இருக்கிறது. சுமார் 61,000 பேர் ஒரே நேரத்தில் அந்தத் தெருக்களில் இறங்குகிறார்கள். மைதானத்துக்கென்று ரயில் நிலையம் கிடையாது. பலரும் போவது சாண்ட்ஹில்ஸ் நிலையத்துக்கு, நடந்தால் அரை மணி நேரம் ஆகும், பேருந்தில் ஏறினால் அந்தப் பேருந்தும் அதே நெரிசலில்தான் நிற்கும். அக்கம்பக்கத் தெருக்களில் குடியிருப்பவர்கள் மட்டும்தான் கார் நிறுத்தலாம், அதனால் காரில் வருகிறவர்கள் எங்கோ தொலைவில் விட்டுவிட்டு நடந்து வருகிறார்கள், திரும்பிப் போய் காரை எடுத்த பிறகும் மெயின் ரோட்டைப் பிடிக்கவே நெடுநேரம் ஆகும்.

இன்னொன்று. 2023-24 சீசனிலிருந்து வீணான நேரத்தை நடுவர்கள் முன்னைவிடக் கறாராகக் கணக்குப் பார்த்துச் சேர்க்கிறார்கள், பல ஆட்டங்கள் 100 நிமிடம் தாண்டிப் போகின்றன. இரவு 8 மணி ஆட்டம் முடியும்போது 10 ஆகிவிடும். கடைசி ரயிலின் நேரத்தை இதற்காக யாரும் தள்ளி வைக்கவில்லை.

இவ்வளவும் சொன்னாலும் நான் எழுந்து போவதில்லை. கடைசிப் பத்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பதை டிவி சரியாகக் காட்டாது. ஒருவர் எழுந்தால் மடக்கு நாற்காலி டப்பென்று பின்னால் மடங்கும், அந்தச் சத்தம் வரிசையாகக் கேட்க ஆரம்பிக்கும், அப்போது பந்து காலில் இருக்கிற ஆட்டக்காரர் நிமிர்ந்து பார்ப்பதை நானே பார்த்திருக்கிறேன். க்ளோப் லிவர்பூலுக்குப் பயிற்சியாளராக வந்த புதிதில் இதைத்தான் சொன்னார். 2015 நவம்பரில் எதிரணியான கிரிஸ்டல் பேலஸ் 82-ஆவது நிமிடத்தில் கோல் போட்டு 2-1 என்று முன்னே போனதும் கூட்டம் கலைய ஆரம்பித்தது. இன்னும் 12 நிமிடம் இருக்கும்போது எல்லாரும் போவதைப் பார்த்தேன், அந்த நேரத்தில் ரொம்பத் தனியாக உணர்ந்தேன் என்றார். ஆட்டம் எப்போது முடிந்தது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும் என்றும் சொன்னார். ரசிகர்களைக் குறை சொல்கிறாரே என்று சிலர் முகம் சுளித்தார்கள், எனக்கு அது உரிமையோடு சொன்ன பேச்சாகத்தான் பட்டது.

பதில்: நீலச் சட்டை

நான் மான்செஸ்டர் சிட்டி ரசிகன். எங்களுக்கு 2012 மே 13 ஒன்றே போதும். 44 வருஷமாக லீக் கோப்பை இல்லை, கடைசி ஆட்டத்தில் கியூபிஆர் (குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ்) அணியை வென்றால் கோப்பை நமக்கு, அவர்களோ பத்து பேரோடு ஆடிக்கொண்டே 2-1 என்று முன்னிலையில் இருக்கிறார்கள். 90 நிமிடம் முடிகிறது. இந்த வேதனையைப் பார்க்க முடியாது என்று அழுதுகொண்டே எத்தனையோ பேர் வெளியே போனார்கள். அப்புறம் ஜெக்கோ தலையால் முட்டி ஒன்று, 93 நிமிடம் 20 விநாடியில் அகுவேரோ ஒன்று. வெளியே இருந்தவர்களுக்கு ஆரவாரம் மட்டும்தான் கேட்டது.

1999 மே 26 பார்சிலோனாவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் ஃபைனலும் தெரிந்ததுதான். ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபாவின் தலைவராக இருந்த லென்னார்ட் யோஹான்சன், மான்செஸ்டர் யுனைடெட்டை பயர்ன் மூனிக் 1-0 என்று ஜெயித்துவிட்டதாக நினைத்து, கோப்பை கொடுப்பதற்காக மாடியிலிருந்து கீழே இறங்கிப் போனார். அவர் தரைக்கு வருவதற்குள் ஷெரிங்ஹாமும் சோல்ஷரும் ஆளுக்கொரு கோல் போட்டு யுனைடெட் ஜெயித்துவிட்டது. ஜெயித்தவர்கள் அழுகிறார்களே, தோற்றவர்கள் ஆடுகிறார்களே என்று அவர் குழம்பினாராம். கோப்பையைக் கையில் கொடுக்க வேண்டியவருக்கே அந்த நிலை. டிராஃபிக் அடுத்த வாரமும் இருக்கும், அந்தக் கோல் இருக்காது. என் கருத்து இவ்வளவுதான்.

பதில்: வெம்பிளி வீட்டுக்காரர்

நீலச் சட்டை தம்பி, நீங்கள் சொல்வது தனியாக மேட்சுக்குப் போகிற வயசில் சரி. நாங்கள் வெம்பிளியில் குடியிருக்கிறோம். 90,000 பேர் கொள்ளும் மைதானம், முடிந்ததும் வெம்பிளி பார்க் நிலையத்துக்குப் போகும் அந்த அகலமான நடைபாதை முழுக்கத் தலைதான் தெரியும். போலீஸ் கூட்டத்தைத் துண்டு துண்டாக நிறுத்தி நிறுத்தித்தான் நிலையத்துக்குள் விடுவார்கள். ஏழு வயசுப் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு, முழங்கால் வலிக்கிற அப்பாவையும் கையில் பிடித்துக்கொண்டு அங்கே நின்று பாருங்கள். நான் ஐந்து நிமிடம் முன்னால் கிளம்புகிறேன், இனியும் கிளம்புவேன். அவர்களை மைதானத்துக்குக் கூட்டிப் போவதற்கு எனக்கு இருக்கிற ஒரே வழி அது.

வெளியூர் ரசிகர்கள் பாடு இன்னும் மோசம். 2022 எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் லிவர்பூலும் சிட்டியும் மோதின, இரண்டுமே இங்கிலாந்தின் வடமேற்கு அணிகள். அதை ஈஸ்டர் வாரக் கடைசியில் லண்டனில் வைத்தார்கள். தண்டவாள வேலை காரணமாக அந்த ஊர்களிலிருந்து லண்டன் யூஸ்டனுக்கு நேர் ரயிலே கிடையாது. இடத்தை மாற்றுங்கள் என்று இரண்டு ஊர் மேயர்களும் எழுதிக் கேட்டார்கள், மாற்றவில்லை. கடைசியில் 100 இலவசப் பேருந்து விட்டார்கள். ஆட்டம் எங்கே, எத்தனை மணிக்கு என்று முடிவு செய்கிறவர்கள் மேட்ச் முடிந்து பஸ் ஸ்டாப்பில் நிற்பதில்லை.

கூட்டம் வெளியேறுவதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்பதற்காக இதையும் சொல்கிறேன். 1971 ஜனவரி 2, கிளாஸ்கோவில் ஐப்ராக்ஸ் மைதானம், ரேஞ்சர்ஸும் செல்டிக்கும் ஆடிய ஆட்டம். முடிந்து ஜனங்கள் இறங்கும்போது 13-ஆம் எண் படிக்கட்டில் நெரிசலில் சிக்கி 66 பேர் செத்தார்கள், அதில் சின்னப் பிள்ளைகளும் உண்டு. கடைசி நிமிடத்தில் ரேஞ்சர்ஸ் சமன் செய்த சத்தம் கேட்டு, முன்னாலேயே கிளம்பியவர்கள் திரும்பி மேலே ஏறியதால்தான் இப்படி ஆயிற்று என்று ரொம்ப காலம் பேசினார்கள். அது உண்மையில்லை. எல்லாரும் கீழே போகும் திசையில்தான் இருந்தார்கள், யாரோ இடறி விழ, பின்னால் வந்தவர்கள் நிற்க முடியாமல் மேலே மேலே சரிந்தார்கள் என்றுதான் விசாரணையில் தெரிந்தது. முன்னாலேயே கிளம்பியவர்கள் தலையில் அந்தப் பழியை இத்தனை நாள் சுமத்தியது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

அதற்குப் பிறகு 1975-இல் மைதானப் பாதுகாப்புக்குத் தனிச் சட்டமே வந்தது. இன்றைய வழிகாட்டி விதிப்படி, சாதாரண நேரத்தில் எல்லாரும் 8 நிமிடத்துக்குள் ஸ்டாண்டை விட்டுத் தடையில்லாத வெளிவழிக்கு வந்துவிட வேண்டும். ஆக உள்ளே வெறும் எட்டு நிமிடம்தான். மிச்ச ஒரு மணி நேரமும் ரோட்டில் போகிறது, அதற்கு யாரும் பொறுப்பு எடுப்பதில்லை.

பதில்: டோர்ட்மண்டில் படித்தவன்

வெம்பிளி அண்ணா கடைசியில் சொன்னதைத்தான் நானும் சொல்ல வந்தேன். டோர்ட்மண்டில் மேட்ச் டிக்கெட்டிலேயே அந்த வட்டாரத்து ரயில், பஸ், டிராம் கட்டணம் சேர்ந்திருக்கும். மேட்ச் டிக்கெட்டைக் காட்டினால் போதும். ஜெர்மனியில் பல கிளப்புகளில் இதே ஏற்பாடு உண்டு. அதனால் காரை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும் என்கிற பதைபதைப்பு பாதி குறைந்துவிடும்.

அதோடு, விசில் அடித்ததும் அங்கே எல்லாம் முடிந்துவிடாது. ஆட்டக்காரர்கள் தெற்கு ஸ்டாண்டுக்கு முன்னால் வந்து நிற்பார்கள், சுமார் 25,000 பேர் நின்றுகொண்டே பார்க்கிற இடம் அது, தோற்றாலும் வருவார்கள், பாட்டு நடக்கும். டோர்ட்மண்டின் பயிற்சியாளராக ஏழு வருஷம் அதைப் பார்த்துப் பழகிய க்ளோப்புக்கு ஆன்ஃபீல்டில் காலி நாற்காலி உறுத்தாமல் எப்படி இருக்கும்? அவர் புலம்பி ஒரு மாதம் கழித்து ஆன்ஃபீல்டில் வெஸ்ட் பிராம் அணியோடு 2-2. இன்ஜுரி டைமில் லிவர்பூலின் ஒரிகி சமன் செய்தார், இந்த முறை கூட்டம் போகாமல் இருந்து கத்தியது. க்ளோப் ஆட்டக்காரர்களை எல்லாம் கைகோத்து, தீவிர ரசிகர்கள் இருக்கும் காப் ஸ்டாண்டுக்கு முன்னால் நிறுத்தி நன்றி சொன்னார். டிராவுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று இங்கிலாந்தில் பலர் சிரித்தார்கள். ஜெர்மனியில் அது வாராவாரம் நடப்பது.

நள்ளிரவு மேட்ச் (கேள்வி கேட்டவர்):

எல்லாருக்கும் நன்றி. வெம்பிளி அண்ணா, குழந்தையும் பெரியவரும் கூட இருக்கும்போது கிளம்புவதை நான் இனி தப்பாக நினைக்க மாட்டேன். ஆனால் கூட யாரும் இல்லாமல், வாலிப வயசில், 1-1 என்று இருக்கும்போது போகிறவர்களை இன்னும் ஏற்க முடியவில்லை. ஒரு சந்தேகம்: ஒருமுறை லிவர்பூல் ரசிகர்கள் மொத்தமாக எழுந்து போனார்களே, அதுவும் டிராஃபிக்தானா?

மெர்சி கரை:

இல்லை இல்லை, அது வேறு. 2016 பிப்ரவரி 6, சண்டர்லாந்தோடு ஆட்டம். புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த மெயின் ஸ்டாண்டில் அடுத்த சீசனுக்கு அதிகபட்ச டிக்கெட் விலை 77 பவுண்டு என்று அறிவித்திருந்தார்கள். அதை எதிர்த்து, சரியாக 77-ஆவது நிமிடத்தில் சுமார் 10,000 பேர் எழுந்து வெளியே போனார்கள். லிவர்பூல் 2-0 என்று முன்னிலையில் இருந்தது. அவர்கள் போன பிறகு சண்டர்லாந்து இரண்டு கோல் போட்டு 2-2. க்ளோப் அன்றைக்குக் குடல்வால் அறுவை சிகிச்சைக்காகப் போனதால் மைதானத்திலேயே இல்லை.

சில நாளிலேயே உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு அந்த விலையைக் கைவிட்டார்கள், அதிகபட்ச விலை பழைய 59 பவுண்டிலேயே நின்றது. அடுத்த மாதம் வெளியூர் ரசிகர்களுக்கு 30 பவுண்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று பிரீமியர் லீக் கிளப்புகள் எல்லாம் சேர்ந்து ஒத்துக்கொண்டன. கோபமாகக் கடிதம் எழுதியபோது அசையாதவர்கள், காலி நாற்காலியைக் கண்டதும் அசைந்தார்கள். டிவியில் அந்தக் காலி இடம் தெரிவது கிளப்புக்கு எவ்வளவு உறுத்தும் என்று அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரிந்தது. ரயில் நேரத்துக்கும் டிக்கெட்டோடு சேர்ந்த பயணத்துக்கும் அதே மாதிரி ஒன்றாக நின்று கேட்டால் கிடைக்கும் என்றுதான் நான் நம்புகிறேன். ரசிகர் சங்கக் கூட்டத்தில் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

நீங்கள் ஒருநாள் இங்கே வந்தால் ஒன்று செய்யுங்கள். மேட்ச் முடிந்ததும் எழுந்திருக்காமல் இருக்கையிலேயே கொஞ்ச நேரம் உட்காருங்கள், ஸ்டீவர்ட் வந்து கிளம்பச் சொல்லும்வரை. அப்புறம் மெதுவாக நடந்து ஊருக்குள்ளே வாருங்கள், ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர்தான். வழியில் சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறலாம். டிக்கெட் கிடைத்தால் எனக்குச் செய்தி போடுங்கள், ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன்.