கல்லூரி நூலகம்: அலமாரிக்கு முன்னால் பதிவேடு

1887-இல் அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி நியூயார்க் கொலம்பியா கல்லூரியில் நூலகர்களுக்கான பயிற்சிப் பள்ளி தொடங்கினார். முதல் வகுப்பில் 20 பேர். அதில் 17 பேர் பெண்கள். பெண்களைச் சேர்ப்பதைக் கல்லூரி நிர்வாகம் எதிர்த்தது. இரண்டே ஆண்டில் பள்ளி ஆல்பனி நகருக்குப் போய்விட்டது. கல்லூரிகளுக்கு முதல் நூலகர்களாக வந்த பெண்களின் உழைப்பைப் 'புத்தகம் எடுத்துக் கொடுக்கிற வேலை' என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. அது பெரிய அநியாயம்.

நூலகரின் முதல் வேலை, வந்து சேரும் நூல்களைப் பதியும் சேர்க்கைப் பதிவேடு. ஒரு பிரதிக்கு ஓர் எண். ஒரே நூல் ஐந்து பிரதி வந்தால் ஐந்து வரி. தேதி, ஆசிரியர், தலைப்பு, பதிப்பு, ஆண்டு, பக்கம், பில் எண், விலை எல்லாம் அந்த வரியில் வர வேண்டும். புத்தகம் தொலைந்தால் குறிப்புக் கட்டத்தில் எழுதலாமே தவிர, அந்த எண்ணை வேறு நூலுக்குக் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் இருப்புச் சரிபார்ப்பில் எது போனது, எது இருக்கிறது என்றே தெரியாது. தலைப்புப் பக்கத்தைக் கிழித்தாலும் அடையாளம் காண, எல்லா நூலுக்கும் பொதுவான ஒரு ரகசியப் பக்கத்திலும் முத்திரையும் எண்ணும் இருக்கட்டும்.

தமிழ் நூல்களில் தடுமாற்றம் பெயரில்தான். முன்னெழுத்தை வைத்து அடுக்கினால் 'மு.' என்று தொடங்கும் அத்தனை பேரும் ஒரே கட்டாகக் குவிவார்கள். நூலைத் தேட உதவும் 12.5 × 7.5 செ.மீ. பட்டியல் அட்டையில் 'சாமிநாதையர், உ. வே.' என்று இயற்பெயர் முதலில் வர வேண்டும். புனைபெயருக்கு இரண்டு அட்டை: நூல் விவரம் 'புதுமைப்பித்தன்' அட்டையில்; 'விருத்தாசலம், சொ.' அட்டையில் 'காண்க: புதுமைப்பித்தன்' என்ற ஒரே வரி. இந்த இரண்டாவது அட்டையைச் சோம்பி விட்டுவிட்டால், இருக்கிற நூலையே இல்லை என்று மாணவர் திரும்பிப் போவார்.

90 செ.மீ. தட்டில் சுமார் 30 நூல் நிற்கும். 20-க்கு மேல் வைக்க வேண்டாம். பாட வரிசையில் புது நூல் நடுவில்தான் நுழையும். இடமில்லையென்றால் கீழே உள்ள தட்டு முழுவதையும் நகர்த்த வேண்டி வரும். ஆக, 1,000 நூலுக்கு 50 தட்டு.

நன்கொடை நூல்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அனுப்புகிறவர் முதலில் தலைப்பு, பதிப்பு, ஆண்டு எழுதிய பட்டியலை அனுப்பினால், வேண்டியதை நூலகரே குறித்துக் கொடுப்பார். பழைய பதிப்புப் பாடநூல் பத்துப் பெட்டி வந்து இறங்கினால், பதிவு செய்யும் உழைப்பும் தட்டும் இரண்டுமே வீண்.