மேலாளரின் வசைக்காக நீண்டகால வேலையைவிட்டு விலகலாமா?

ஈசூன்வாசி கேட்கிறார்:

வணக்கம். சிங்கப்பூரின் ஜூரோங்கில் உள்ள சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றின் ஆவணப் பிரிவில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். சென்ற ஆண்டு பொறுப்பேற்ற மேலாளரும் அவருக்கு மேலுள்ள இயக்குநரும் எங்களை நடத்தும் விதத்தைத் தாங்க முடியவில்லை. திங்கட்கிழமைக் கூட்டத்தில், ஓர் ஆவணத்தில் கொள்கலன் எண் ஓரிலக்கம் மாறியிருந்தால்கூட, பிழை செய்தவரை எழுந்து நிற்கச் சொல்லி, அந்தத் தாளை எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இதைக்கூடப் பார்க்கத் தெரியாதவருக்கு எதற்குச் சம்பளம்?" என்று புதிதாகச் சேர்ந்த இளையர்கள் முன்னிலையில் மேலாளர் கேட்கிறார். இரவு பத்து மணிக்கு மேல் வாட்ஸ்அப் குழுவில் பெயர் சொல்லித் திட்டுகிறார். மனிதவளப் பிரிவிடம் சொன்னதற்கு, அவர் சுபாவம் அப்படித்தான், அனுசரித்துப் போங்கள் என்றார்கள். மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கடனும் முடியவில்லை. என் கணவரோ நாளைக்கே கடிதம் கொடுத்துவிடச் சொல்கிறார். விலகினால் எனக்கு உரியது எது, கிடைக்காமல் போவது எது?

முன்னாள் தொழிற்சங்கப் பிரதிநிதி:

சகோதரி, வெளியேற நினைப்பதில் தவறே இல்லை. ஆனால் சில காரியங்களைக் கடிதம் கொடுப்பதற்கு முன்பே செய்தாக வேண்டும்.

தாமாக விலகுபவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. 2025 ஏப்ரலில் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம் ஆறு மாதங்களில் 6,000 வெள்ளி வரை வழங்கினாலும், அது விருப்பமின்றி வேலையிழந்தவர்களுக்கே உரியது. அதேவேளையில், முதலாளி நெருக்கடி கொடுத்து வாங்கிய ராஜினாமாவைத் தவறான பணிநீக்கமாகக் கருதி முறையிட வழியுண்டு. 2019 ஏப்ரல் முதல் மேலாளர்களும் நிர்வாகிகளும் வேலை நியமனச் சட்டத்துக்குள் வந்துவிட்டதால், உங்கள் பதவி அதற்குத் தடையாகாது. கடைசி வேலைநாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் வேலைத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் டாட்எம் (TADM) எனப்படும் முத்தரப்பு அமைப்பிடம் பதிய வேண்டும். சமரசத்தில் தீராவிட்டால் வேலை நியமனக் கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். கட்டாயத்தின் பேரில் விலகினோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு நம்முடையது. "சொந்தக் காரணங்களுக்காக" என்று வழக்கம்போல் எழுதிக் கொடுத்துவிட்டால், பின்னால் அந்தக் கடிதமே நமக்கு எதிராக நிற்கும்.

ஆகவே நாள், நேரம், சொன்ன சொல், உடனிருந்தவர் என்று வீட்டில் ஒரு நோட்டில் இன்றே எழுதத் தொடங்குங்கள். வாட்ஸ்அப் திட்டுகளைப் படமெடுத்து வையுங்கள். ஆனால் நிறுவன ஆவணங்களைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளாதீர்கள், அது உங்கள்மீதே குற்றமாகத் திரும்பும். மனிதவளப் பிரிவுக்கு வாயால் சொன்னதற்குத் தடயம் இல்லை, எழுத்தில் அனுப்புங்கள். அவர்கள் அசையாவிட்டால் நியாயமான வேலை நடைமுறைகளைக் கவனிக்கும் டாஃபெப் (TAFEP) அமைப்பை அணுகுங்கள். தூக்கம் கெட்டிருந்தால் பலதுறை மருந்தகத்துக்குப் போய்க் காரணத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தெம்பனிஸ் கணக்காளர்:

மேலே சொன்னதில் ஒன்றை மட்டும் மாற்றிச் சொல்வேன். முறையிடும் எண்ணம் இல்லையென்றால் கடிதத்தில் காரணமே எழுத வேண்டாம். சட்டம் அதைக் கேட்பதில்லை. இந்தச் சிறிய ஊரில் சரக்குத் துறையில் எல்லாரும் எல்லாரையும் அறிவார்கள், குற்றச்சாட்டு நிறைந்த கடிதம் உங்களுக்கு முன்னே அடுத்த நிறுவனத்தை எட்டிவிடக்கூடும்.

உங்கள் வீட்டுக்கடன் தவணை மசேநிதி (மத்திய சேமநிதி) சாதாரணக் கணக்கிலிருந்து போகிறது என்றால், சம்பளம் நின்றதும் அக்கணக்கில் புதிதாகப் பணம் சேராது. இருப்பு கரைந்தபின் ரொக்கமாகக் கட்ட வேண்டிவரும். எத்தனை மாதத் தவணைக்கு இருப்பு உண்டு என்று இன்றிரவே பாருங்கள், அதுதான் உங்கள் உண்மையான அவகாசம். நிறுவனக் காப்புறுதி வேலையோடு போய்விடும். தேசிய மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் தொடரும்.

உட்லண்ட்ஸ் தோழி:

அக்கா, கணக்குப் பார்ப்பது அவசியம்தான். ஆனாலும் அவர்கள் திட்டுவது உங்கள் வேலையின் தரத்தைப் பற்றிய தீர்ப்பு அல்ல என்பதை யாராவது உங்களிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நெஞ்சு அடைப்பதுபோல் இருக்கும் இரவுகளில் 1771 என்ற தேசிய மனநல ஆலோசனை எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

ஈசூன்வாசி:

மூவருக்கும் மிக்க நன்றி. கடிதத்தைத் தள்ளிவைத்துவிட்டு நோட்டைத் தொடங்கிவிட்டேன். இன்னொன்று: முன்னறிவிப்புக் காலம் முழுவதும் அந்த மேலாளர் முகத்தில் விழிக்க வேண்டுமா? விடுப்பு நிறைய மீதமிருக்கிறது.

முன்னாள் தொழிற்சங்கப் பிரதிநிதி:

முதலில் ஒப்பந்தத்தைப் பாருங்கள். அதில் முன்னறிவிப்பு பற்றி எதுவும் இல்லையென்றால், 5 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவருக்குச் சட்டப்படி 4 வாரம். அந்த நாள்களை விடுப்பால் ஈடுகட்ட நிறுவனம் இணங்கினால் உங்கள் கடைசி நாள் முன்னதாக வந்துவிடும். சம்பளமும் அந்த நாள்வரைதான், ஆனால் மறுநாளே வேறிடத்தில் சேரலாம். முன்னறிவிப்புக் காலத்தில் சாதாரணமாக விடுப்பு எடுத்தால் கடைசி நாள் மாறாது, முழுச் சம்பளமும் வரும். முறையீட்டுக்கான ஒரு மாதம் அந்தக் கடைசி நாளிலிருந்தே ஓடத் தொடங்குகிறது என்பதால், எந்த வழி என்பதை நிறுவனத்திடமிருந்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.