பொம்மை வீட்டுக்குச் சமையலறை செய்தவர்கள், கைப்பக்குவத்தைப் பகிருங்கள் (1:12 அளவு)

தெம்பனீஸ் தச்சன்

நீளத்தையும் அகலத்தையும் எல்லாரும் சரியாகப் பன்னிரண்டால் வகுத்துவிடுகிறார்கள். பலகையின் கனம்தான் விட்டுப்போகிறது. வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளில் அடிக்கும் கேபினெட் பலகை பெரும்பாலும் 18 மி.மீ. கனம். 1:12இல் அது 1.5 மி.மீ. கைவசம் இருக்கிறதே என்று 3 மி.மீ. பலகையில் செய்தால், நிஜத்தில் 36 மி.மீ. பலகையால் அடித்த பெட்டிக்குச் சமம். எவ்வளவு நேர்த்தியாகச் சாயம் பூசினாலும் முரட்டுத்தனமாகத்தான் தெரியும்.

அடுப்பு மேடை 90 செ.மீ. உயரம், 60 செ.மீ. ஆழம் என்றால் நமக்கு 75 மி.மீ., 50 மி.மீ. அந்த 75இல் கீழே உள்வாங்கிய அடிச்சட்டம் 8, பெட்டி 65, மேடைப் பலகை 2. நூறு மி.மீ. அகலப் பெட்டிக்கு 1.5 மி.மீ. பாஸ்வுட் மரப் பலகையில் வெட்ட வேண்டியவை: பக்கப் பலகை 65 × 48 இரண்டு, அடிப்பலகை 97 × 48, முதுகுப் பலகை 97 × 63.5, மேலே முன்னும் பின்னும் 97 × 8 பட்டை இரண்டு, உள்தட்டு 97 × 40. மேல் மூடிப் பலகை தேவையில்லை, மேடை மறைத்துவிடும்.

எடை குறைந்த பால்சா மரம் வேண்டாம். நகம் பட்டாலே குழி விழும், ஓரம் பஞ்சு பஞ்சாகப் பிரியும். பாஸ்வுட்டையும் ஒரே அழுத்தில் வெட்டாதீர்கள். கத்தி மர ரேகையோடு ஓடிக் கோடு விலகிவிடும். இரும்பு ஸ்கேல் வைத்து, புது பிளேடால் நான்கைந்து முறை மெதுவாக இழுங்கள். மூலை 90 பாகை நிற்க லெகோ கட்டைகளை உள்ளே முட்டுக்கொடுத்து ஒட்டலாம்.

யீஷூன் அக்கா

அளவெல்லாம் சரி தம்பி, நம்ம ஊர் ஈரப்பதத்தையும் சேர்த்துச் சொல்லணும். ஆண்டு முழுக்க 80 விழுக்காட்டைச் சுற்றியே இருக்கும். மெல்லிய பலகை ஒரு பக்கம் மட்டும் சாயம் வாங்கினால், சாயமில்லாத பக்கம் ஈரத்தை இழுத்து உப்பும், பலகை வளையும். கதவுகள்தான் முதலில் கெடும். ஒட்டுவதற்கு முன்பே இரண்டு பக்கமும் நான்கு ஓரமும் சீலர் (ஈரம் புகாமல் மரத்தை அடைக்கும் பூச்சு) ஒரு பூச்சு கொடுங்கள், பசை பிடிக்க வேண்டிய விளிம்பை மட்டும் டேப் ஒட்டிக் காப்பாற்றுங்கள். காய்ந்ததும் 400 நம்பர் உப்புத்தாள். தண்ணீர் கலந்த சாயம் மர நாரை எழுப்பிவிடும், அதனால் முதல் பூச்சுக்குப் பிறகு மறுபடி தேய்க்கணும்.

மர நிறம் தெரிகிற மாதிரி ஸ்டெயின் பூசுவதாக இருந்தால் ஸ்டெயின் முதலில், சீலர் அதற்குப் பிறகு, பசை கடைசியில். பசை கசிந்த இடத்தில் ஸ்டெயின் ஏறாது. வெள்ளைத் திட்டாக நிற்கும், தேய்த்தாலும் போகாது. வெள்ளை மரப்பசையைப் பல்குச்சி நுனியால் வைத்தாலே போதும்.

குட்டிக்கீல்

கதவைப் பற்றி நான் சொல்கிறேன். இந்த அளவில் கடைக் கீல் பெரிதாகத் துருத்தும். கதவின் மேலும் கீழும் குண்டூசி செருகி, அதிலேயே கதவு சுழலும் குண்டூசிக் கீல்தான் அழகு. கதவுக்கு மட்டும் 2 மி.மீ. பலகை எடுங்கள், 1.5இல் விளிம்பில் துளையிட்டால் பிளக்கும். அண்ணன் சொன்ன பெட்டிக்கு உள்ளே அமரும் கதவு 47.5 × 61, இரண்டு. பக்கத்துக்கு அரை மி.மீ., நடுவில் 1 மி.மீ. இடைவெளி.

குண்டூசி, கதவின் கீல் ஓரத்திலிருந்து சரியாக 1 மி.மீ. உள்ளே வரவேண்டும். அந்த ஓரத்தை அரைவட்டமாகத் தேய்த்தே ஆகவேண்டும். ஏன் என்றால், ஓரம் சதுரமாக இருந்தால் ஊசியிலிருந்து மூலை வரை 1.41 மி.மீ. பக்கப் பலகை வரை இருப்பதோ 1.5. வெறும் மரமாக இருக்கும்போது கதவு சுழலும், சாயம் ஏறியதும் இடிக்கும். "நேற்று திறந்தது, இன்று திறக்கவில்லை" என்று பலர் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

கைத் துளையியில் ஊசியைவிட ஒரு நூலிழை பெரிய பிட் போடுங்கள். அடிப்பலகையிலும் முன் பட்டையிலும் துளை நேருக்கு நேர் வர, ஒட்டும் முன் இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒரே குத்தாகத் துளையிடுங்கள். கதவைப் பொருத்திய பிறகே முன் பட்டையை ஒட்டவேண்டும்.

தெம்பனீஸ் தச்சன்

கீலுக்குப் பக்கத்தில் சூப்பர் குளூ வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் ஆவி காற்றின் ஈரத்தோடு சேர்ந்து வெள்ளைப் படலமாகப் படியும், கருஞ்சாயத்தில் அப்பட்டமாகத் தெரியும். உலோகம் ஒட்ட அது வேண்டியிருந்தால் துளி அளவு வைத்து, மின்விசிறிக் காற்றில் உலரவிடுங்கள். மூடிய பெட்டிக்குள் உலரவிட்டால் படலம் கூடும்.

கொலுப்படி

சிங்க்குக்கு டீ லைட் மெழுகுவத்தியின் அலுமினியக் கிண்ணம் அருமையாகப் பொருந்தும். விட்டம் ஏறக்குறைய 38 மி.மீ., ஆழம் 15. நிஜத்தில் 46 செ.மீ. அகலமும் 18 செ.மீ. ஆழமும் உள்ள வட்டச் சிங்க். மேடையில் துளையை விளிம்பைவிடச் சற்றே சிறிதாக வெட்டினால் உதடு தொங்கி நிற்கும். குழாய்க்கு 1.5 மி.மீ. அலுமினியக் கம்பி.

மேடையைப் பாலிமர் களிமண்ணில் (சுட்டால் இறுகும் பிளாஸ்டிக் களிமண்) செய்தால் கல் பதித்த பழைய தோற்றம் வரும்: இரண்டு பக்கமும் 2 மி.மீ. பட்டை வைத்து உருட்டி, வேறு நிறத்தில் சுட்ட களிமண்ணை உடைத்துத் தூவி, மறுபடி உருட்டி, பொட்டலத்தில் சொன்ன சூட்டில் தட்டையான ஓட்டின் மேல் சுடுங்கள். சூடாக இருக்கும்போதே கனமான புத்தகத்தின் அடியில் வைக்காவிட்டால் ஓரம் மேலெழும். மரப்பசை இதில் பிடிக்காது, எப்பாக்ஸி (இரண்டைக் கலந்து ஒட்டும் பசை) வேண்டும்.

எண்பதுகளின் வீவக சமையலறை என்றால் சுவரில் குப்பைக் குழாயின் (குப்பையைக் கீழ்த்தளத்துக்குத் தள்ளும் குழாய்) இரும்புக் கதவு கட்டாயம் வேண்டும். 1989 முதல் கட்டப்பட்ட புளோக்குகளில் குழாய் வீட்டுக்கு வெளியே, எல்லா வீட்டுக்கும் பொதுவானதாக வந்துவிட்டது, அந்த வீடுகளுக்கு இதை வைத்தால் தப்பு.

தேக்காவில் (சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா) கிடைக்கும் சொப்புச் சாமானை அப்படியே அடுக்காதீர்கள். பெரும்பாலானவை 1:12ஐவிடப் பெரியவை. தண்ணீர்க் குடம் 25 மி.மீ. உயரத்தையும், இட்லிச் சட்டி 20 மி.மீ. அகலத்தையும் தாண்டினால் மேடையில் ஏற்ற வேண்டாம்.