கொடிச் சுருள் மங்கலாகவே வருகிறது, உதவுங்கள்

கிளுவைவேலி: மழைக்குப் பிறகு தோட்டத்து வேலி முழுக்கப் புதுத் தளிர். ஒரு கொடியின் சுருள் ஸ்பிரிங் மாதிரி சுற்றி, நடுவில் திசை மாறி மறுபக்கம் சுற்றுகிறது. இருபது படம் எடுத்தும் பின்னால் உள்ள வேலிதான் தெளிவாக விழுகிறது. என்ன செட்டிங் வைக்க? அவசரம்.

மழைத்தும்பி: போனா, கேமராவா? என்ன கொடி? எவ்வளவு கிட்டே போனீர்கள்?

விடியல்நடை: காற்றுதான். எனக்குக் கெட்ட படமெல்லாம் காற்றால் கெட்டதே. விடிந்ததும் போய்ப் பாருங்கள்.

பழையலென்ஸ்: காற்று என்றால் வேலி எப்படித் தெளிவாக இருக்கும்? ஃபோகஸ் பின்னால் போயிருக்கிறது. நூல் கனத்துச் சுருளை ஆட்டோஃபோகஸ் தாண்டிவிடும். இதை எத்தனை தடவைதான் எழுதுவது? அடிப்படையைப் படித்துவிட்டுச் செடிக்குப் போங்கள்.

மழைத்தும்பி: புதிதாகக் கேட்பவரிடம் ஏன் இந்தக் கோபம்? போன் என்றால் அரைச் சாணுக்குள் போகாதீர்கள், பலவற்றில் ஃபோகஸ் பிடிக்காது. கொஞ்சம் தள்ளி நின்று 2 மடங்கு ஜூம் வையுங்கள். சுருளுக்குப் பின்னால் கருப்பு அட்டை பிடித்து, திரையில் சுருளையே அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டுங்கள்.

செம்மண்: செங்காந்தளாக இருக்கும்.

முல்லைக்காடு: இருக்காது. காந்தளில் சுருள்வது இலை நுனி. இவர் சொல்வது பற்றுக்கம்பி, அதாவது கொடி பற்றி ஏற விடும் மெல்லிய இழை, அனேகமாகப் பிரண்டை. அதன் முனை எதையாவது பிடித்துக்கொண்ட பிறகு சுருண்டால் நடுவில் திசை மாறித்தான் ஆக வேண்டும். இரண்டு பக்கமும் கட்டுண்ட கயிறு ஒரே பக்கமாக முறுக்கிக்கொண்டே போக முடியாதே. டார்வின் 1865இல் கொடிகளைப் பற்றி எழுதியபோது இதை விளக்கியிருக்கிறார். அந்தத் திருப்பத்தில்தான் ஃபோகஸ் வைக்க வேண்டும், படத்தின் உயிரே அது!

செம்மண்: அப்படியானால் கிள்ளி வந்து வீட்டில் ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்கலாமே. பிரண்டை துவையலுக்கும் ஆகும்.

முல்லைக்காடு: வேண்டாம். கிள்ளினால் பிடிப்பு போய்விடும், இளம் நுனி வாடிவிடும். அது எதைப் பிடித்திருக்கிறது என்பதும் படத்தில் வர வேண்டும்.

செம்மண்: பிரண்டை வெட்ட வெட்டத் துளிர்க்கும். ஒரு நுனிக்கு இவ்வளவா?

விடியல்நடை: துளிர்க்கும், சரி. இதே சுருள் திரும்ப வருமா?

கிளுவைவேலி: போன்தான், பிரண்டைதான். எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். நோட்டு அட்டையில் கருப்புத் துணி சுற்றிப் பின்னால் பிடித்தேன். திருப்பம் தெளிவாக விழுந்துவிட்டது. கிள்ளவில்லை. நன்றி.