பிரஷர் மாத்திரை தமனியின் விறைப்பையும் குறைக்குமா?

வைகைக்கரை:
என் தந்தைக்கு வயது 64. ஓராண்டாக டெல்மிசார்ட்டானும் அம்லோடிபினும் எடுத்து வருகிறார். கையில் அளக்கும் அழுத்தம் 168/84-இலிருந்து 134/76-க்கு இறங்கியிருக்கிறது. கழுத்துத் தமனிக்கும் தொடைத் தமனிக்கும் இடையே நாடி அலை பாயும் வேகமும் (தமனி விறைத்திருந்தால் இது கூடும்) நொடிக்கு 12.8 மீட்டரிலிருந்து 11.1 ஆகியுள்ளது. மருந்தால் தமனி உண்மையிலேயே இளகியிருக்கிறதா, அல்லது அழுத்தம் குறைந்ததால் இந்த எண்ணும் குறைந்ததா?

பொதுமருத்துவன்:
இரண்டும் கலந்திருக்கலாம், இந்த எண்களை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல இயலாது. அழுத்தம் மிகும்போது பெருந்தமனிச் சுவர் விரிந்து, நெகிழ்வான எலாஸ்டின் தாங்கிய சுமை விறைப்பான கொலாஜன் இழைகளின் மேல் விழுவதால், அழுத்தத்தைத் தணித்த உடனேயே, சுவரில் எந்த மாற்றமும் நேராத நிலையிலும், அலையின் வேகம் குறைந்துவிடும். சுவரே மாறுவதற்கு மாதங்கள் பிடிக்கும். ரத்தநாளங்களைச் சுருக்கும் ஹார்மோனான ஆஞ்சியோடென்சின் அங்கே கொலாஜன் சேர்வதைத் தூண்டுகிறது. அதைத் தடுக்கும் டெல்மிசார்ட்டானிடம் இந்த இரண்டாவது பலனை எதிர்பார்க்க நியாயம் உண்டு. ஆயினும் 2013-இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டுதல் வைத்த எல்லை 10 மீட்டர், 11.1 அதற்கு மேல்தான் நிற்கிறது.

காவிரிமைந்தன்:
கையில் ஒரே அளவு காட்டும் இரு மருந்துகள் இதயத்தருகே ஒரே அளவு காட்டுவதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2006-இல் வெளியான கஃபே ஆய்வில், அட்டெனோலால் (பீட்டா தடுப்பான் வகை பிரஷர் மருந்து) சார்ந்த சிகிச்சையும் அம்லோடிபின் சார்ந்த சிகிச்சையும் கையில் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன; பெருந்தமனியின் சிஸ்டாலிக் (இதயம் சுருங்கும்போதுள்ள) அழுத்தமோ அம்லோடிபின் பிரிவில் சுமார் 4 மில்லிமீட்டர் குறைவு. அட்டெனோலால் இதயத்துடிப்பை மந்தமாக்குவதால், உடலின் கீழ்ப்பகுதியிலிருந்து எதிரொலித்துத் திரும்பும் அலை, இதயம் இன்னும் சுருங்கிக்கொண்டிருக்கும்போதே வந்து சேர்ந்து அழுத்தத்தைக் கூட்டுகிறது. கவனிக்க: அலை வேகத்தில் அந்த இரு பிரிவுகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எனவே இதை விறைப்பின் கதையாகச் சொல்லிவிட முடியாது.

தென்றல்:
அப்படியென்றால் அட்டெனோலால் எடுப்பவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டுமா?

பொதுமருத்துவன்:
தாமாக நிறுத்தவே கூடாது. மாரடைப்பு, நெஞ்சுவலி, துடிப்புக் கோளாறு போன்ற காரணங்களுக்காக அவ்வகை மருந்தைக் கொடுத்திருக்கலாம். திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலி திரும்பும் ஆபத்து உண்டு. மருத்துவரிடம் எதற்காகக் கொடுத்தார் என்று கேளுங்கள்.

வைகைக்கரை அவர்களே, அடுத்த முறை அளக்கும்போது காபியும் புகையும் தவிர்த்து, பத்து நிமிடம் படுத்திருந்தபின் எடுக்கச் சொல்லி, அந்நேரத்து அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் தாளில் குறித்து வாங்குங்கள். அழுத்தம் இதே 134-இல் நின்று, வேகம் மட்டும் மேலும் இறங்கியிருந்தால், சுவர் இளகுகிறது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம்.