அப்பாவின் சிறுநீர் பரிசோதனை: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அப்பாவுக்குச் சிறுகுடலில் கார்சினாய்டு கட்டி (ஹார்மோன் சுரக்கும் ஒருவகைப் புற்றுநோய்), கல்லீரலுக்கும் பரவிவிட்டது. அடிக்கடி முகம் குப்பென்று சிவக்கிறது, வயிற்றுப்போக்கு வேறு. இப்போது புறங்கையிலும் கழுத்திலும், வெயில் படுகிற இடமெல்லாம் தோல் கறுத்துச் சொரசொரவென்று உரிகிறது. ஏதோ அலர்ஜி என்று நான் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்!

டாக்டர் சொன்னது: உணவிலிருந்து வரும் டிரிப்டோஃபன் என்ற அமினோ அமிலத்தில் சாதாரணமாக 1 சதவீதம் போலத்தான் செரடோனின் என்ற ஹார்மோன் ஆகும். இந்தக் கட்டி அதில் பெரும்பகுதியை இழுத்துக்கொள்வதால், உடம்பு நியாசின் (வைட்டமின் பி3) தயாரிக்க மிச்சமில்லை. அதனால் வந்த பெல்லாக்ரா இது. நிக்கோடினமைடு மாத்திரை தொடங்கியாயிற்று.

அடுத்து 24 மணிநேர சிறுநீரில் 5-ஹெச்ஐஏஏ (செரடோனின் உடைந்து வெளியேறும் கழிவு) பார்க்க வேண்டும். அதற்கு 3 நாள் முன்பிருந்தே வாழைப்பழம், தக்காளி, அன்னாசி கூடாதாம். அப்பாவோ ராத்திரி ஒரு பூவன்பழம் இல்லாமல் படுக்கமாட்டார். லேபில் கேட்டால் "எதையும் சாப்பிடலாம் சார்" என்கிறார்கள். டாக்டர் பேச்சைத்தான் கேட்கப்போகிறேன்.

இதைச் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அந்த 3 நாளும் என்ன சமைத்தீர்கள்? சிறுநீர் சேகரிக்கிற, ஆசிட் ஊற்றிய கேனை வீட்டில் எப்படிப் பத்திரமாக வைத்தீர்கள்? அப்புறம், தோல் சரியாக எத்தனை நாள் பிடித்தது?